நூல் கட்டிய முனை

கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கையுறை போட்ட இரண்டு கைகளும் மார்புக்கு நேராக, ஒன்றின்மேல் ஒன்றாக, அங்கியைத் தவிர வேறு எதையும் தொடாமல். இடுப்புக்குக் கீழே இறக்கக்கூடாது. தோளுக்கு மேலே தூக்கக்கூடாது. மூக்கு அரித்தால் சொறியக்கூடாது. மூக்கு அரிக்கிறது. வெட்டும்போது அரித்ததில்லை, தைக்கும்போது அரித்ததில்லை, இப்படிச் சும்மா நிற்கும்போதுதான் அரிக்கும். முகமூடிக்குள் மூக்கைச் சுளித்துப் பார்க்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பிரதாபன், என் உதவி மருத்துவர், அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார். எங்கள் இருவருக்கும் நடுவே வீரணன் மயக்கத்தில் கிடக்கிறார். வாய் திறந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. நாக்கின் நுனியை ஒரு இடுக்கி பிடித்து வெளியே இழுத்து வைத்திருக்கிறது. நாக்கின் அடியில் வலது ஓரமாக இருந்த புற்றை, சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டேன். அந்தத் துண்டு இப்போது கீழ்த்தளத்தில் பேத்தாலஜியில் இருக்கிறது. அங்கே திருவேங்கடம் சார் அதை உறையவைத்து, வெங்காயத் தோலைப்போல் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்ப்பார். ஓரங்களில் புற்று இல்லையென்றால் தைத்து மூடலாம். இருந்தால் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அந்த ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும். அவர் கூப்பிடும்வரை எனக்கு வேலை இல்லை. இருபத்தைந்து வருஷமாக இப்படி நின்றிருக்கிறேன். இந்த நேரத்தில் ராத்திரிச் சமையலை யோசிப்பேன், மாநாட்டில் பேச வேண்டியதை யோசிப்பேன், ஒன்றும் யோசிக்காமலும் நின்றிருக்கிறேன். இன்றைக்கு யோசிக்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நூலை எந்த முனையில் கட்டினேன்?

சின்ன விஷயம். வெட்டி எடுத்த துண்டு நாக்கில் இருக்கும்வரைதான் அதற்கு முன் உண்டு, பின் உண்டு. தட்டில் வைத்துவிட்டால் அது பாதாம் பருப்பு அளவுக்கு ஒரு சதை. இப்படியும் திருப்பலாம், அப்படியும் திருப்பலாம். நாக்கின் மேற்புறமாக இருந்தால் சொரசொரப்பை வைத்துக் கொஞ்சம் யூகிக்கலாம். அடிப்புறம் முழுக்க வழவழப்பு. அதனால் தட்டில் வைப்பதற்கு முன்பே, துண்டின் முன்முனையில், அதாவது நாக்கின் நுனியைப் பார்த்த முனையில், ஒரு கருப்புப் பட்டு நூலைக் கட்டிவிடுவேன். நூல் இருக்கிற முனை முன்பக்கம். எங்கள் பிரிவில் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். புதிதாக வருகிற மருத்துவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். வேறு யாரையும் கட்ட விடமாட்டேன். கட்டும்போது "முன்பக்கம்" என்று சத்தமாகச் சொல்வேன். நர்ஸ் அமலம் சிஸ்டரும் திருப்பி "முன்பக்கம்" என்பார். இன்றைக்குக் கட்டினேன். நூல் விரலில் வழுக்கியது ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது முடிச்சை இறுக்கியது ஞாபகம் இருக்கிறது. கத்தரி நூலை வெட்டிய சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. "முன்பக்கம்" என்று சொன்னேனா? என் குரலைத் தேடிப் பார்க்கிறேன். கிடைக்கிறது, ஆனால் அது நேற்றைய குரலாக இருக்கலாம், போன வாரத்துக் குரலாக இருக்கலாம். ஒரே சொல்லை ஒரே இடத்தில் நின்று இத்தனை வருஷம் சொன்னால் எந்த நாளின் சொல் எது என்று எப்படித் தெரியும்? வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தபிறகு பூட்டினோமா என்று நினைப்பதுபோல. திரும்பிப் போய்ப் பார்த்தால் பூட்டியிருக்கும். எப்போதும் பூட்டியிருக்கும். இதுவும் அப்படித்தான். கட்டியிருப்பேன், சரியாகத்தான் கட்டியிருப்பேன். கைக்குத் தெரியும். கைக்குத் தெரியுமென்றால் கையைத்தானே கேட்க வேண்டும்? கை ஒன்றும் சொல்லாமல் மார்பின்மேல் படுத்திருக்கிறது.

கட்டும்போது நான் ஜெயசீலியை நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் கோளாறு. காலையில் வார்டுக்குப் போகிற வழியில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். தேனிப் பக்கம், ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் மேஸ்திரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல நாக்கின் அடியில், இதே கையால், குறைவாக வெட்டினாலே போதும் என்கிற என் ஆய்வின்படி நான் வெட்டி அனுப்பிவைத்தவர். நன்றாகப் பேசுகிறார் என்று நான் ஊர் ஊராகப் போய் வீடியோ போட்டுக் காட்டுகிற ஜெயசீலி. "மேடம், டோக்கன் போட்டா மத்தியானம் ஆயிரும், நின்னபடியே பாத்துருங்களேன்" என்று நாக்கை மடக்கிக் காட்டினார். "இங்கன. புளிக்கொழம்பு பட்டா எரியுது." ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பழைய தழும்பின் பின்முனையில் ஒரு புண். விளிம்பு தடித்திருந்தது. "ஒண்ணும் இருக்காதுல்ல?" என்றார். பயாப்சி எடுத்துப் பார்க்கலாம் என்றேன். என் முகத்தையே பார்த்துவிட்டு, "நீங்க சிரிக்கலியே மேடம், எப்பவும் சிரிப்பீங்களே" என்றார். சிரித்தேன். அதன்பிறகு தியேட்டருக்கு வந்து கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது. ஜெயசீலிக்கு அன்றைக்கு ஒரு ஓரம் சுத்தமாக இல்லை. முன்பக்கம் என்று திருவேங்கடம் சார் சொன்னார். முன்பக்கம் இன்னும் கொஞ்சம் வெட்டினேன். அதைச் சோதித்தபோது அதில் ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருந்தது. நல்லது என்று சந்தோஷப்பட்டு மூடினேன். இப்போது புண் வந்திருப்பது பின்பக்கம். அன்றைக்கு நூலைப் பின்முனையில் கட்டியிருந்தேனென்றால்? இந்தக் கேள்வி கை கழுவும்போது வந்தது, அங்கி மாட்டும்போது கூடவே வந்தது, வீரணனை வெட்டும்போது மட்டும் ஒதுங்கி நின்றது, நூலைக் கையில் எடுத்ததும் திரும்பி வந்துவிட்டது. அன்றைக்குக் கட்டிய நூலை நினைத்துக்கொண்டே இன்றைக்கு நூலைக் கட்டினேன். தவறைப் பற்றி நினைப்பதே தவறுக்குப் போதும் என்று யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா?

வீரணனுக்கு முன்பக்கம் என்பது விளையாட்டு அல்ல. அருப்புக்கோட்டைச் சுற்று வட்டாரத்தில் கபடிப் போட்டி எங்கே நடந்தாலும் மைக் பிடிப்பது இவர்தான். முதல் தடவை வந்தபோதே என்னிடம் சொல்லிவிட்டார். "டாக்டரம்மா, கழுத்துல கிழிங்க, தொடையில கிழிங்க, எங்க வேணாலும் கிழிங்க. நாக்கு நுனி போச்சுன்னா ‘ர’வும் ‘ல’வும் போயிருமாமே. ‘ர’ இல்லாம நான் எப்படி ‘ரைடர்’னு சொல்றது? என் பேரையே சொல்ல முடியாதே!" சொல்லிவிட்டு, நான் கேட்காமலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆரம்பித்துவிட்டார். "இதோ, வலது ஓரமாக உள்ளே வருகிறார் டாக்டரம்மா, கோட்டைத் தாண்டிவிட்டார், எதிரணி மூலையில் பதுங்கி நிற்கிறது, தொட்டுவிட்டுத் திரும்புவாரா..." வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். அவர் மனைவி பஞ்சவர்ணம் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த வாயால எனக்கு ஒருநாள் நிம்மதி இல்ல மேடம். கல்யாணத்தன்னைக்கே மைக்கை வாங்கி, ‘மணப்பெண் மேடையேறுகிறார், தடுமாறுகிறார்’னு பேசின மனுசன்." பிறகு குரலைத் தாழ்த்தி, அவருக்குக் கேட்காதபடி, "ஆனா இது பேசாம வீட்டுல கெடந்துச்சுன்னா நான் செத்தே போவேன், பாத்துக்கங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இப்போது பஞ்சவர்ணம் கீழே மாடிப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் கணவரின் நாக்கில் நான் எடுத்தது போக முன்னே நுனிவரை இருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லா எழுத்தும் இருக்கிறது. பின்னால் அப்படியில்லை. பின்னால் இன்னும் வெட்டினால் சில நாள் விழுங்கச் சிரமப்படுவார், அவ்வளவுதான். முன்னால் வெட்டினால் பேச்சு குழறும். எந்தப் பக்கம் என்பதுதான் இங்கே எல்லாம். அந்த எந்தப் பக்கத்தை ஒரு நூலை நம்பி விட்டிருக்கிறேன்.

நான் படித்த காலத்தில் இந்தக் கவலையெல்லாம் கிடையாது. தாராளமாக வெட்டுவோம். எங்கள் பெரிய டாக்டர், புற்றுக்கு மிச்சம் வைத்தவன் டாக்டரே இல்லை என்பார். பாதி நாக்கு, முக்கால் நாக்கு, தேவைப்பட்டால் தாடையும் சேர்த்து. நானும் வெட்டினேன். என் கை வேகமான கை என்று பெயர் வாங்கினேன். மாட்டுத்தாவணியில் காய்கறிக் கடை வைத்திருந்த ஒரு அம்மா வருஷா வருஷம் பரிசோதனைக்கு வருவார். நோய் போய்விட்டது, உடம்பு தேறிவிட்டது. வந்து நிற்பார், நான் எப்படி இருக்கிறீர்கள் என்பேன், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார், போவார். ஒரு வருஷம் கையில் ஒரு பூசணிக்காயோடு வந்தார். எனக்குத்தான். ஏதோ சொன்னார். புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னார். சரி சரி என்றேன். எனக்குப் புரியவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பூசணியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார், அடுத்த வருஷம் வரவில்லை. அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. பூசணியை எப்படிச் சமைப்பது என்பதாகக்கூட இருந்திருக்கலாம். அப்போதுதான் ஆரம்பித்தேன். சின்னக் கட்டிகளுக்கு இவ்வளவு வெட்டத்தான் வேண்டுமா, இதில் பாதி வெட்டினால் போதாதா? கேள்வி அவ்வளவுதான். அதற்குப் பத்து வருஷம் போயிற்று. ஒவ்வொரு துண்டையும் அளந்து, ஒவ்வொரு ஓரத்தையும் பார்த்து, ஒவ்வொருவரையும் வருஷா வருஷம் கூப்பிட்டு. மாநாட்டில் எழுந்து பேசினால் பின்வரிசையில் சிரிப்பார்கள். ‘மில்லிமீட்டர் மங்கை’ என்று பெயர் வைத்தார்கள். "மங்கையர்க்கரசி மேடம் கட்டிய வெட்ட மாட்டாங்க, அதுகிட்ட கெஞ்சிக் கேட்டு வரச்சொல்லுவாங்க" என்று ஒருவர் மேடையிலேயே சொன்னார், நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அவர்களில் பாதிப்பேர் என் அளவில்தான் வெட்டுகிறார்கள். அது நல்ல விஷயம். நேற்றுவரை நல்ல விஷயமாக இருந்தது. நூல் மாறியிருந்தால், என் முன்பக்கமெல்லாம் பின்பக்கமாக இருந்தால், அவர்கள் எதை நம்பி வெட்டுகிறார்கள்? இன்றைக்கு வீரணனுக்குக் குறைவாக வெட்டினேனே, அது அவருடைய ‘ர’வுக்காகவா, என்னுடைய ஆய்வுக்காகவா? இரண்டும் ஒன்றுதான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"என்ன மங்கை, தியானமா?" என்கிறார் ஜாபர். மயக்க மருந்து கொடுப்பவர். நானும் அவரும் ஒரே வருஷம் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். வாயில் ஆபரேஷன் என்றால் தலைமாட்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்வார். "ஒண்ணுமில்லப்பா" என்கிறேன். "ஒண்ணுமில்லாததுக்கா மூச்சு இப்படி வாங்குது? இவருக்கு நான் டியூப் போட்டிருக்கேன், உனக்கும் ஒண்ணு போடவா?" பிரதாபன் சிரிப்பை அடக்குவது தெரிகிறது. நானும் சிரிக்கிறேன். முகமூடிக்குள் சிரித்தால் கண்ணாடியில் ஆவி படிகிறது, எல்லாம் மங்கிப்போய், மெல்லத் தெளிகிறது. கேட்டுவிடலாம். சாதாரணமாக, வேறு எதையோ கேட்பதுபோல. "சிஸ்டர், நூல் எப்படிப் போட்டோம் இன்னைக்கு?" அமலம் சிஸ்டர் கருவிகளை அடுக்கிக்கொண்டே, நிமிராமல், "எப்பவும் போடுற மாதிரிதான் மேடம்" என்கிறார். எப்பவும் போடுற மாதிரி. இதற்கு மேல் நான் என்ன கேட்பது? என் தியேட்டரில் நான் கேட்டால் ஆமாம் என்பார்கள். ஒருநாள் பஞ்சு எண்ணிக்கை குறைகிறது என்று சொன்ன சின்ன நர்ஸை நான் பார்த்த பார்வையில் அந்தப் பெண் வேறு பிரிவு கேட்டுப் போய்விட்டாள். பஞ்சு என் காலடியில் கிடந்தது. அவள் எண்ணியது சரி. இல்லை என்று சொல்லக்கூடிய ஆளை நானே மிச்சம் வைக்கவில்லை, இப்போது யாராவது இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்று பார்க்கிறேன். வேண்டாம். கேட்க வேண்டியதே இல்லாமல் போகலாம். எல்லா ஓரமும் சுத்தம் என்று வந்துவிட்டால் நூல் முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன? அப்படி வந்தால் நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். யாரிடமும். வரட்டும். எல்லாம் சுத்தம் என்று வரட்டும். மேல் ஓரம் என்று வந்தால்கூட... இல்லை, முனை மாறினால் மேலும் கீழும் சேர்ந்து மாறிவிடும். அடி, அதாவது துண்டின் ஆழத்துப் பக்கம், என்று வந்தால் பரவாயில்லை. அடி எப்போதும் அடிதான். ஒருவருடைய நாக்கின் ஆழத்தில் புற்று மிச்சமிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற இடத்துக்கு வந்துவிட்டேனா?

இன்டர்காம் அடிக்கிறது. எங்கள் யார் கையும் அதைத் தொடக்கூடாது. ஜாபர் எழுந்து போய் ஸ்பீக்கரைப் போடுகிறார். "மங்கை, திருவேங்கடம் பேசுறேன். அடி சுத்தம். மேல், கீழ் ரெண்டும் சுத்தம். பின்பக்கமும் சுத்தம். முன்பக்கந்தாம்மா, நூல் கட்டின முனை, அங்க ஓரத்த ஒட்டியே செல் நிக்குது. இன்னும் கொஞ்சம் எடுத்துரு." இவ்வளவுதான் சொன்னார். பிரதாபன் பஞ்சை எடுத்துவிட்டு வெளிச்சத்தைத் திருப்புகிறார். நான் கேட்காமலேயே அமலம் சிஸ்டர் கத்தியை நீட்டுகிறார், கைப்பிடி என் உள்ளங்கையில் வந்து உட்காருகிறது. எல்லோருக்கும் அடுத்து என்ன என்று தெரியும். நாக்கைப் பார்க்கிறேன். முன்னே நுனி, சிவப்பாக, ஈரமாக, இடுக்கியின் பிடியில். பின்னே இருட்டு. நூலை நம்பி முன்னால் வெட்டலாம். நூல் சரியென்றால் பேச்சு கொஞ்சம் போகும், உயிர் இருக்கும். நூல் தவறென்றால் பேச்சும் போகும், புற்றும் உள்ளே இருக்கும், இரண்டு வருஷம் கழித்து வீரணன் ஒரு காலையில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து குழறலாக இங்கே எரிகிறது என்பார். இன்னொன்றும் செய்யலாம். இரண்டு பக்கமும் வெட்டிவிடலாம். முன்னும் கொஞ்சம், பின்னும் கொஞ்சம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மேடம் ஜாக்கிரதையாக இருக்கிறார் என்பார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, எனக்கும் ஆபத்தில்லை. ஒரு மனிதரின் நாக்கு நுனியை எடுத்து என் சந்தேகத்தை மூடிவிடலாம். அது அவ்வளவு சுலபம். கத்தியின் முனை இறங்கத் தொடங்கிவிட்டது. நான்தான் இறக்குகிறேன். நிறுத்துகிறேன். "சார், போனை வெக்காதீங்க" என்கிறேன். "சொல்லும்மா." "நூலை எந்த முனையில கட்டினேன்னு எனக்கு நிச்சயமாத் தெரியல."

பிரதாபன் என்னைப் பார்க்கவில்லை, அவருக்குத்தான் வெட்கமாக இருப்பதுபோல் வேறு பக்கம் பார்க்கிறார். "துண்ட அப்படியே வெச்சிருக்கேன், நீயே வந்து பாரு" என்று போனில் குரல் வருகிறது. அமலம் சிஸ்டர் இப்போதுதான் நிமிர்கிறார். "மேடம், நீங்க இன்னைக்குச் சத்தமாச் சொல்லல. நானும் கேக்கல." கேட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொள்கிறேன். கத்தியைத் தட்டில் வைக்கிறேன். கையுறையைக் கழற்றினால் கை ஈரமாக, ஊறிப்போய், வேறு யாருடையதோ போல இருக்கிறது. ஜாபர், "போயிட்டு வா. இவரு எங்கயும் எந்திரிச்சுப் போக மாட்டாரு, நான் இருக்கேன்" என்கிறார். படியில் இறங்குகிறேன். பஞ்சவர்ணம் இந்தப் படிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார் என்பது பாதிப்படியில்தான் ஞாபகம் வருகிறது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "முடிஞ்சுருச்சா மேடம்?" "இல்லம்மா." "பின்ன நீங்க எதுக்கு வெளிய வந்தீங்க?" நியாயமான கேள்வி. "ஒண்ண நேர்ல பாக்கணும். பாத்துட்டு உங்ககிட்டயும் சொல்றேன்" என்று நடந்துகொண்டே சொல்கிறேன். நான் வேகமாக நடப்பது அவரை எப்படிப் பயமுறுத்தும் என்று தெரிந்தும் மெதுவாக நடக்க முடியவில்லை. நடக்க நடக்கத்தான் கை பேசத் தொடங்குகிறது. ரத்தம். பின்பக்கம் வெட்டும்போது ரத்தம் கொப்பளித்து வந்தது, பிரதாபன் "மேடம், உறிஞ்சு குழாய் அடைக்குது" என்றார், நான் கத்தியைப் போட்டுவிட்டு, சதையைச் சுட்டு ரத்தத்தை நிறுத்துகிற கரண்ட் கத்தியை வாங்கினேன். பின்முனையை மட்டும் கரண்ட்டில் வெட்டினேன். அப்படியென்றால் பின்முனை கருகியிருக்கும். முன்முனை கருகியிருக்காது. நின்று கேட்டபோது கிடைக்காத பதில், கால் நகர்ந்ததும் கிடைக்கிறது.

பேத்தாலஜியில் ஃபார்மலின் நெடி கண்ணில் குத்துகிறது. திருவேங்கடம் சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஸ்டூலை எனக்குத் தள்ளிவிடுகிறார். நான் உட்காரவில்லை. ஒரு சின்ன கார்க் பலகைமேல் சீவியது போக மிச்சத் துண்டு இருக்கிறது. ஓரங்களில் அடையாள மை, கருப்பும் நீலமும். ஒரு முனையில் என் நூல். என் முடிச்சுதான், மூன்று சுற்று, குட்டையான வால். "கருகின முனை எது சார்?" என்கிறேன். அவர் விளக்கை இழுத்து, இடுக்கியால் துண்டைத் திருப்பி, மை படாத இடத்தைக் காட்டுகிறார். நூலுக்குக் கீழே சதை பழுப்பாக, ஓரம் கரிந்து, பால் சட்டியில் அடிப்பிடித்ததுபோல் இருக்கிறது. மறுமுனையைத் திருப்புகிறார். சுத்தமான வெட்டு, கத்தியின் வெட்டு. "கரி இருக்கறதப் பாத்தேன்மா. எல்லாப் பக்கமும் கரண்ட்ல வெட்டினியோன்னு விட்டுட்டேன்" என்கிறார். அவரும் கேட்கவில்லை. நூல் பின்முனையில் இருக்கிறது. புற்று பின்னால் இருக்கிறது. முன்பக்கம், அந்தக் கொஞ்சம், சுத்தம். நிம்மதி வர வேண்டும். வீரணனுக்கு நிம்மதிதான், நுனி தப்பித்தது. எனக்கு ஜெயசீலியின் நூல்தான் ஞாபகம் வருகிறது. ஸ்டூலில் உட்காருகிறேன். ஒரு நிமிஷம்தான். எழுந்து மேலே வந்து, மறுபடி கை கழுவி, மறுபடி அங்கி மாட்டி, நாக்கின் பின்பக்கம், இருட்டில், விளக்கைத் தாழ்த்தச் சொல்லி, தேவையான அளவு வெட்டுகிறேன். அதிகமில்லை, குறைவில்லை. நூலை வாங்கி அந்தப் புதுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சிஸ்டர், முன்முனை எது?" என்கிறேன். அவர் குனிந்து, துண்டையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கையக் கொஞ்சம் திருப்புங்க மேடம், தெரியல" என்கிறார். திருப்புகிறேன். "இது." "பிரதாபன்?" "இதுதான் மேடம்." கட்டுகிறேன்.

மறுபடி நிற்கிறோம். பஞ்சவர்ணத்திடம் எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று பார்க்கிறேன். "நூலை மாத்திக் கட்டிட்டேன்" என்றால், அவர் எந்த நூல் என்பார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லலாம். அவர் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் சொல்ல முடியும். ஜெயசீலியிடம் எப்படிச் சொல்வது? அவருக்குப் பயாப்சி முடிவு வருவதற்கு முன்பா, பின்பா? சந்தேகம் மட்டும்தானே, அதைப் போய் எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு குரல் கேட்கிறது. வீரணனுடையதும் கொஞ்ச நேரம் முன்னால்வரை சந்தேகம் மட்டும்தான். இன்டர்காம் அடிக்கிறது. ஜாபர் ஸ்பீக்கரைப் போடுகிறார். "சுத்தம்மா. எல்லாப் பக்கமும் சுத்தம். மூடிரு." பிரதாபன் சத்தமாக மூச்சை விடுகிறார். நான் விடவில்லை. "சார்." "என்னம்மா?" "மத்ததெல்லாம் வெச்சிருக்கீங்களா?" "எது மத்தது?" "இந்த ஆய்வுல நான் நூல் கட்டி அனுப்பின துண்டு எல்லாம். மெழுகுல பதிச்சு வெச்சதும், எடுத்த போட்டோவும்." அந்தப் பக்கம் ஸ்டூல் தரையில் இழுபடும் சத்தம் மட்டும் வருகிறது. அவர் எழுந்து அலமாரிப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"இருக்கு. எல்லாரோடதும் இருக்கு," என்கிறார். "எப்ப வர்ற?"

"இவரத் தைச்சு முடிச்சதும் வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டுகிறேன். அமலம் சிஸ்டர் ஊசியைக் கொடுக்கிறார்.